பிரிட்டிஷ் கொலம்பியா தீவுகளில் ஐந்து மாதம் படகில் குடியிருக்க: இருவருக்கான கணக்குகள்

கேள்வி இதுதான்: வான்கூவர் பக்கம் இருக்கும் தம்பதி, ஐம்பதைத் தாண்டியவர்கள், கையில் 34 அடி பாய்மரப் படகு. மே முதல் செப்டம்பர் வரை கல்ஃப் தீவுகளில் தொடங்கி வடக்கே டெசலேஷன் சவுண்ட் வரை படகிலேயே தங்கிச் சுற்ற நினைக்கிறார்கள். "ஓட்டத் தெரியும், குடியிருக்கத் தெரியாது. எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்?"

இரண்டு விஷயம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் வழியில் பழகிவிடும். ஒன்று, ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு நாளைத் திட்டமிடுவது. இன்னொன்று, இருவரில் யார் படுத்துவிட்டாலும் மற்றவர் தனியாகப் படகைக் கரை சேர்ப்பது. சோலார் எத்தனை வாட், பாய் புதுசா பழசா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

முதலில் ஓதம். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஜார்ஜியா நீரிணையின் வடக்குப் பகுதியில் பெரிய ஓத நாட்களில் அது 5 மீட்டர் வரை போகும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஆனால் இரண்டு ஏற்றமும் ஒரே உயரமாக இருக்காது, இரண்டு வற்றமும் அப்படித்தான். இவ்வளவு தண்ணீரும் தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகத்தான் போய் வந்தாக வேண்டும். நனைமோவுக்குத் தெற்கே டாட் நேரோஸ் என்ற இடுக்கில் நீரோட்டம் 8 நாட்டைத் தாண்டும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). சீமோர் நேரோஸில் 15 நாட் வரை. உங்கள் படகு இன்ஜினில் போகும் வேகமே 6 நாட்தான். சீமோர் நேரோஸின் நடுவில் ரிப்பிள் ராக் என்ற பாறை ஒன்று இருந்தது; பல கப்பல்களை விழுங்கிய அதை 1958 ஏப்ரல் 5-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாறை போய்விட்டது, ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: வற்றம் முடியும் நேரமும் இடுக்கில் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். இரண்டும் வேறு. கனடா நீர்வரைபடத் துறை இடுக்குகளுக்கென்று தனியாக ஓட்ட அட்டவணை தருகிறது. ஓட்டம் திரும்பும் நேரத்தை அதில்தான் பார்க்க வேண்டும். அட்டவணை நிலையான நேரத்தில் அச்சாகியிருக்கிறதா, கோடை நேரத்திலா என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேரத் தவறு போதும், ஓட்டமே இல்லை என்று நினைத்த இடத்தில் 4 நாட் எதிரே வரும்.

நாளைத் திட்டமிடுவது பின்னாலிருந்து முன்னால். இடுக்கில் ஓட்டம் 10:40-க்கு நிற்கிறது, தூரம் 9 கடல் மைல், வேகம் 5.5 நாட் என்றால் சுமார் 1 மணி 40 நிமிடப் பயணம். 20 நிமிடம் முன்னதாகவே வாசலில் நின்று காத்திருப்பது நல்லது. ஆக நங்கூரத்தை 8:40-க்குத் தூக்க வேண்டும். நுழைவதற்கு முன் வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் படகின் பெயர், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று ஓர் அறிவிப்பு. டாட் நேரோஸில் இழுவைப் படகுகள் மரக்கட்டைத் தெப்பத்தை இழுத்துக்கொண்டு வரும். நடுவழியில் அதை எதிர்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது.

கோடையில் வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் வடமேற்குக் காற்று மதியத்துக்கு மேல் ஏறும். நீங்கள் வடக்கே போகிறீர்கள் என்றால் அது நேர் எதிரே, படகின் மூக்கின் மேல். காலை 5, 6 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள் நங்கூரம் போட்டுவிடுபவர்கள்தான் இந்த வாழ்க்கையை ரசிக்கிறார்கள். 20 நாட் காற்று 2 நாட் ஓட்டத்துக்கு எதிராக வீசினால் அலை உயரத்தைவிட அதன் செங்குத்துதான் வதைக்கும். அலமாரிக் கதவெல்லாம் திறந்துகொள்ளும். முன்னறிவிப்பை மட்டும் நம்பாமல், அதே வானொலியில் வரும் கலங்கரை விளக்க அறிக்கைகளையும் ஹாலிபட் பேங்க், சென்ட்ரி ஷோல் மிதவைகளின் அளவுகளையும் கேளுங்கள். முன்னறிவிப்பு இனி நடக்கக்கூடியதைச் சொல்கிறது. மிதவை இப்போது நடப்பதைச் சொல்கிறது. நனூஸ் கரைக்கு வெளியே விஸ்கி கோல்ஃப் என்று கடற்படையின் டார்பிடோ சோதனைப் பரப்பு இருக்கிறது. அது இயங்கும் நாளில் குறுக்கே போகக் கூடாது, சுற்றிப் போக வேண்டும். நீரிணையைக் கடக்கும் நாளின் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பயணம் வேண்டாம். வெட்டிய மரக்கட்டைகள் எங்கும் மிதக்கும். சில, நீரில் ஊறி, தலை மட்டும் மேலே தெரியச் செங்குத்தாக நிற்கும். பகலில் பார்த்து விலகலாம். இரவில் அது ப்ரொபெல்லரில் பட்ட பிறகுதான் தெரியும்.

இனி நங்கூரம். ஐந்து மாதத்தில் பெரும்பாலான இரவுகள் இதன் மேல்தான் தூங்கப்போகிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

34 அடிப் படகுக்கு 15 கிலோ நங்கூரம் போதும் என்று கடைக்காரர் சொல்வார். 20 கிலோ வாங்குங்கள். 8 மி.மீ. சங்கிலி 60 மீட்டர், அதன் பின்னால் நைலான் கயிறு 60 மீட்டர். டெசலேஷன் சவுண்டில் கரைக்குக் கிட்டத்திலேயே 15, 20 மீட்டர் ஆழம் என்பதால் இந்த நீளம் தேவைப்படும். சங்கிலியில் 10 மீட்டருக்கு ஒரு நிறம் பூசிவிடுங்கள்.

எவ்வளவு சங்கிலி விடுவது? மாலை 4 மணிக்கு ஒரு குடாவுக்குள் வருகிறீர்கள். ஆழமானி 8 மீட்டர் காட்டுகிறது. அப்போது ஓதம் 1.4 மீட்டர், நள்ளிரவில் 4.6. அதாவது தண்ணீர் இன்னும் 3.2 மீட்டர் ஏறும். சங்கிலி இறங்கும் முன்பக்க உருளை நீர்மட்டத்திலிருந்து 1.2 மீட்டர் உயரம். 8 + 3.2 + 1.2 = 12.4. இதைப் போல் ஐந்து மடங்கு விடுவது என்றால் 62 மீட்டர். வந்த நேரத்து 8 மீட்டரை மட்டும் பார்த்து 40 மீட்டர் விட்டவருக்கு நள்ளிரவில் இருப்பது மூன்று மடங்கு சொச்சம்தான். காற்று வந்தால் சங்கிலி நிமிர்ந்து நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், நங்கூரம் பிடி விடும். "எல்லாம் சரியாகத்தானே போட்டோம், ராத்திரி ஏன் இழுத்தது?" என்பதற்கு விடை பெரும்பாலும் இதுதான். ஆழமானி நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, அடிக்கட்டையிலிருந்தா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் தீர்ந்தது.

போடும் முறை: படகு முழுசாக நின்று, மெல்லப் பின்னால் நகரத் தொடங்கும்போது இறக்குங்கள். முன்னால் போய்க்கொண்டே போட்டால் சங்கிலி நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். ஆழத்தின் மூன்று மடங்கு வந்ததும் ஒரு பிடி பிடித்து, நங்கூரம் அடியில் கொத்த விடுங்கள். பிறகு மீதியை விட்டு, ரிவர்ஸில் 1,000 சுற்றில் அரை நிமிடம், அப்புறம் 1,800 வரை மெல்ல ஏற்றி இன்னொரு அரை நிமிடம். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துப் பாருங்கள். கோடு கலையாவிட்டால் பிடித்துவிட்டது. சங்கிலியில் கை வைத்தால் அடியில் பாறையா சேறா என்று தெரியும்: பாறையில் உரசும்போது கடகடவென்று அதிரும், சேற்றில் கல் மாதிரி நிற்கும். கடைசியாக 10 மீட்டர் நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கியிட்டு, இழுவையை அதற்கு மாற்றிவிடுங்கள். சங்கிலி இழுக்கும் வின்ச் 12 வோல்ட்டில் 80, 100 ஆம்ப் வாங்கும் என்பதால் அதை இயக்கும் நேரமெல்லாம் இன்ஜின் ஓட வேண்டும்.

ப்ரிடோ ஹேவன், டெனிடோஸ் பே மாதிரி நெரிசலான குடாக்களில் படகைச் சுற்றவிட இடமிருக்காது. முன்னால் நங்கூரம், பின்னால் கரைக்கு ஒரு கயிறு. மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு 100 மீட்டராவது வேண்டும். ஒருவர் டிங்கி என்ற சிறு படகில் கரைக்குப் போய், அங்கே பாறையில் பதித்திருக்கும் வளையத்துக்குள் கயிற்றை நுழைத்து, முனையைத் திரும்பப் படகுக்கே கொண்டுவந்து கட்ட வேண்டும். காலையில் கரைக்குப் போகாமலே ஒரு முனையை அவிழ்த்து இழுத்துக்கொள்ளலாம். வளையம் இல்லாத இடத்தில் மரத்தைச் சுற்றி இறுக்கினால் பட்டை அறுந்து மரம் சாகும். அகலமான நாடாவைச் சுற்றிப் போட்டு அதில் கயிற்றைக் கோத்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது பின்பக்க ஆழம். முன்பக்கம் 8 மீட்டர் இருக்கும்போது சுக்கானுக்கு அடியில் 3 மீட்டர் மட்டும் இருக்கலாம். விடியற்காலை வற்றம் 0.6 என்றால், வந்தபோதிருந்த 1.4-லிருந்து இன்னும் 0.8 இறங்கும், மிச்சம் 2.2. படகின் மூழ்கும் ஆழம் 1.7. அடியில் அரை மீட்டர். அதில் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு முடிந்தது. வற்றத்தில் ஒரு தடவை டிங்கியில் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டுவதே சரி. வெஸ்ட் ரெடோண்டா தீவின் ரோஸ்கோ பேக்கு வாசலிலேயே ஒரு மேடு. வற்றத்தில் தரை தெரியும். ஏற்றத்தில் நுழைந்து, அடுத்த ஏற்றத்தில்தான் வெளியே வர முடியும்.

டெசலேஷன், அதாவது பாழ்நிலம், என்று 1792-ல் பெயர் வைத்த ஜார்ஜ் வான்கூவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் ஏற்ற நீர் அந்தப் பக்கத்தில் சந்தித்துத் தேங்குவதால், கோடையில் அங்கே நீரின் மேல்மட்டம் 20 டிகிரிக்கு மேலும் சூடாகிக் குளிக்க ஏற்றதாக இருக்கும். இடுக்குகளிலோ ஆழத்து நீர் கலக்கிவிடப்படுவதால் அதே ஜூலையில் நீர் ஜில்லென்று இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் விழுவது பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

மின்சாரம். ஒரு நாள் செலவை எழுதிப் பார்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் 4.5 ஆம்ப், பாதி நேரம் ஓடினால் 50 ஆம்ப்-அவர். ஆட்டோபைலட்டும் கருவிகளும் நாலு மணி நேரத்துக்கு 20. போன், லேப்டாப் 20. விளக்கும் தண்ணீர் பம்பும் 8. ஹீட்டர் விசிறி 8. கூட்டினால் நூறு சொச்சம். வெயில் நாளில் 300 வாட் சோலார் இதில் பெரும்பகுதியைத் தரும். நிழலான குடாவிலும் மழை நாளிலும் கால்வாசி கிடைத்தாலே பெரிது. லெட்-ஆசிட் பேட்டரி என்றால் 400 ஆம்ப்-அவரில் பாதிதான் பயன்படும். லித்தியம் 200 போதும், ஆனால் அதை நேராக இன்ஜின் ஆல்டர்னேட்டரில் இணைத்துவிடாதீர்கள்: லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் ஓயாமல் முழு மூச்சில் ஓடிச் சுருள் கருகிவிடும். நடுவில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் சார்ஜரோ வெப்பம் பார்த்துக் குறைக்கும் ரெகுலேட்டரோ வேண்டும்.

தண்ணீர் 300 லிட்டர் டேங்க், இருவருக்கும் சேர்த்து நாளைக்கு 25 லிட்டர் என்றால் 12 நாள். பாத்திரத்தை உப்புத் தண்ணீரில் கழுவிக் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்றால்தான் 25-ல் நிற்கும். கல்ஃப் தீவுகள் பலவற்றில் கோடையில் கிணறே வற்றும், படகுத்துறைகளில் தண்ணீர் தர மாட்டார்கள். நிரப்ப வாய்ப்புள்ள இடத்தில் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள்.

கழிப்பறை பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அதிகம் பழுதாவது அதுதான். 80 லிட்டர் கழிவுத் தொட்டி இருவருக்கு ஐந்தாறு நாள் வரும். மாண்டேகு ஹார்பர், ப்ரிடோ ஹேவன், ரோஸ்கோ பே, ஸ்குவிரல் கோவ் முதலியவை கழிவு விடவே கூடாத இடங்கள் என்று விதியிலேயே உண்டு. மற்ற இடத்தில் விதி என்ன அனுமதித்தாலும், பக்கத்துப் படகில் குழந்தைகள் நீந்துவதை நினைத்துக்கொண்டு வால்வைத் தொடுங்கள். பம்பிலிருந்து தண்ணீர் திரும்பக் கிண்ணத்துக்குள் ஏறினால், வெளிப்போக்குக் குழாயில் வாத்து அலகு மாதிரி இருக்கும் ரப்பர் வால்வு விறைத்துவிட்டது என்று பொருள். வருஷம் ஒன்று மாற்ற வேண்டிய சாமான், இரண்டு வைத்திருங்கள். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டும். வாரம் ஒரு தடவை ஒரு கோப்பை வினிகரை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டால் கட்டாது. நாற்றம் எங்கிருந்து என்று தெரியாவிட்டால், வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய் மேல் சில நிமிடம் சுற்றி வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாய்ச் சுவரே ஊறிப்போய்விட்டது. எந்த மருந்தும் பலிக்காது, குழாயை மாற்ற வேண்டியதுதான்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டி உள்பக்கம் மூடப்பட்டு, அதன் அடியிலிருந்து வெளியே கடலுக்கு ஒரு வடிகுழாய் இருக்க வேண்டும். வாரச் சோதனை: சிலிண்டரைத் திறந்து, அடுப்பை மூடியே வைத்து, அழுத்தமானியைக் குறித்துக்கொண்டு சிலிண்டரை மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் முள் இறங்கினால் எங்கோ கசிவு. குக்கர் கேஸையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும். மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடும்போது கொதிக்கும் குழம்பு மேலே கொட்டாது. இட்லி மாவு 15 டிகிரி கேபினில் புளிக்கவே புளிக்காது. பயணம் முடிந்து நிறுத்திய இன்ஜினின் மூடிமேல் பாத்திரத்தை வைத்துப் போர்த்திவிட்டால் புளிக்கும்.

மே மாதத்திலும் செப்டம்பரிலும் ஹீட்டர் தேவை. டீசல் ஹீட்டர் மணிக்கு கால் லிட்டர் அளவு குடிக்கும். குளிரைவிடத் தொல்லை ஈரம்: இருவர் மூச்சும் சமையல் ஆவியும் மெத்தைக்கு அடியில் படிந்து பூசணம் பிடிக்கும். மெத்தையைக் காற்றோடும் விரிப்பின் மேல் போட்டு, ஒரு ஜன்னலை எப்போதும் விரலளவு திறந்து வையுங்கள்.

இன்ஜினைப் பொறுத்தவரை, கிளப்பியதும் எட்டிப் பார்த்து வெளிக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பார்ப்பது அனிச்சையாக வேண்டும். துப்பவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். முதலில் கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, அடுத்து வடிகூடையில் பாசி அடைத்திருக்கிறதா, கடைசியில் இம்பெல்லர், அதாவது கடல்நீரை இறைக்கும் பம்பின் இதழ்ச் சக்கரம். ரப்பர் இம்பெல்லரின் இதழ் உடைந்திருந்தால் புதியதைப் போடுவதோடு வேலை முடியாது. உடைந்த துண்டுகளை எண்ணித் தேடி எடுங்கள், அவை வெப்பமாற்றியின் வாயில் போய் அடைத்துக்கொண்டு மறுநாள் மறுபடி சூடேற்றும். இம்பெல்லர் இரண்டு, பெல்ட் இரண்டு, டீசல் ஃபில்டர் நாலு, துத்தநாக அனோடு நாலு கையில் இருக்கட்டும். ஆடும் கடலில் தொட்டியின் அடிக்கசடு கலங்கி ஃபில்டரை அடைக்கும். இடுக்கின் நடுவில் இன்ஜின் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். ஃபில்டர் மாற்றிக் காற்று எடுப்பதை இருவருமே கட்டித்துறையில் ஒரு தடவை செய்து பாருங்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். பல படகுகளில் ஒருவரே எப்போதும் சுக்கானில், மற்றவர் எப்போதும் கயிற்றில். சுக்கானில் இருப்பவர் கடலில் விழுந்தால், மிஞ்சியவருக்குப் படகைத் திருப்பக் கூடத் தெரியாது. வாரம் ஒரு தடவை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். நங்கூரம் போடும்போது கத்துவதால் பயனில்லை, காற்றில் கேட்காது. முன்னே, பின்னே, நிறுத்து, நியூட்ரல் என்று நாலு கைச்சைகை போதும்.

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்பார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். ஆகவே 10 நிமிடத்துக்குள் அவரைக் கயிற்றில் பிடித்துவிட வேண்டும். அதன் பிறகு அவரால் ஏணியில் ஏற முடியாது. படகில் இருப்பவர் செய்ய வேண்டியது: மிதவையை வீசு, பிளாட்டரில் (வரைபடத் திரையில்) ஆள்-விழுந்த பொத்தானை அழுத்து, வி.எச்.எஃப்.-இல் அபாய அழைப்புக்கான சிவப்புப் பொத்தானை அழுத்து. அந்தப் பொத்தான் வேலை செய்ய படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. எண் பதிவாகி, ஜி.பி.எஸ். இணைந்திருக்க வேண்டும், கனடாவில் இந்த எண் இலவசம். இன்ஜினைக் கிளப்பும் முன் தண்ணீரில் கயிறு எதுவும் தொங்குகிறதா என்று பார். ஆளை நெருங்கியதும் நியூட்ரல்.

தூக்குவதுதான் கடினம். நனைந்த துணியோடு 90 கிலோ, மேல்தளம் ஒரு மீட்டர் உயரத்தில். 55 கிலோ மனைவியால் கையால் இழுக்க முடியாது, கணவனாலும் முடியாது. பாய்மரத்து மேல்கயிற்றை வின்ச்சில் சுற்றித் தூக்கலாம், அல்லது நாலு மடங்குக் கப்பிக்கயிறு ஒன்றைத் தயாராகப் பையில் வைத்திருக்கலாம். எதுவானாலும் டெசலேஷன் சவுண்டின் வெதுவெதுப்பான தண்ணீரில், நங்கூரத்தில் நின்றபடி, கனமானவர் உண்மையிலேயே இறங்கி, இலேசானவர் தூக்கிப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் தோற்கும்: கொக்கி எட்டாது, கயிறு அரையடி குறையும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒத்திகை. தளத்தில் இருக்கும்போது உயிர்ச்சட்டை அணிவதும், தனியாகத் தளத்துக்குப் போகும்போது இடுப்புக் கயிறு கட்டுவதும் பேரத்துக்கு இடமில்லாதவை.

மீன் பிடிக்க ஆசை இருந்தால் உப்புநீர் மீன்பிடி உரிமம் இருவருக்கும் தனித்தனியாக வேண்டும். டஞ்சனெஸ் நண்டு ஆண் மட்டும், ஓட்டின் அகலம் குறைந்தது 165 மி.மீ. இருக்க வேண்டும். இறால் கூண்டை 60 முதல் 100 மீட்டர் ஆழத்தில், மூழ்கும் கயிற்றில் இறக்குங்கள். மிதக்கும் கயிறு உங்கள் ப்ரொபெல்லரிலேயே சுற்றும். சிப்பி, மட்டி எடுப்பதற்கு முன் அந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறதா என்று மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்தே தீர வேண்டும். செந்நீர்க் காலத்து நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, மூச்சுத் தசைகளை முடக்கும்.

புறப்படும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: மே முழுவதும் கல்ஃப் தீவுகளிலேயே. மாண்டேகு ஹார்பர், நனைமோவுக்கு எதிரே உள்ள நியூகாஸில் தீவு போன்ற இடங்களில் பழுது வந்தால் கடையும் ஆளும் அரை நாளில் கிடைப்பார்கள். டாட் நேரோஸை நாலைந்து தடவை கடந்த பிறகு, ஜூன் கடைசியில் நீரிணையைக் கடந்து, பெருநிலக் கரையில் உள்ள லண்ட் ஊர் வழியாக வடக்கே. ஆகஸ்ட் பாதிக்கு மேல் காலையில் மூடுபனி தொடங்கும், செப்டம்பரில் தென்கிழக்குப் புயற்காற்று வரும். தெற்கு நோக்கித் திரும்பும்போது இப்போது அதுதான் மூக்கின் மேல் வீசும் காற்று. அதனால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே டெசலேஷனை விட்டுக் கிளம்பி, நல்ல நாளுக்காக லண்டிலோ பெண்டர் ஹார்பரிலோ மூன்று நாள் காத்திருக்க அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள்.